தோட்டத்து வாசலில் பல கதவுகள்: செபராங் பிறை தெற்கில் கூட்டுச் சேவை பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில், உதவி தேடி வருகிறவர்களுக்காக மாதம் ஒரு முறை மேசை போட்டு உட்காருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், தோட்டத்தில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த பெரியவர் ஒருவர், லாரி ஓட்டும் அண்ணன், கணக்கு எழுதும் தங்கச்சி, அப்புறம் நான். முப்பது வருடம் அரசாங்கக் கிராமக் கிளினிக்கில் தாதியாக இருந்தவள். மேசைக்கு வருகிறவர்கள் கேட்பதும், வெளியிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் பிழை இருந்தால் அது என்னுடையது.

பினாங்கில் ஏது கிராமம்?

பினாங்கு என்றதும் கொம்தாரும் தண்ணீர்மலைக் கோயிலும் நாசி கண்டார் கடையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மாநிலத்தின் பெரிய பாதி கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறையில் இருக்கிறது. அதன் தெற்கு மாவட்டத்தில் சிம்பாங் அம்பாட், ஜாவி, சுங்கை பாக்காப், நிபோங் திபால் என்று சாலை போகப் போகச் செம்பனைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது கரும்புக்காடு. அந்தக் கரும்பை வெட்டத்தான் நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள். பிறகு ரப்பர் வந்தது, அதற்குப் பிறகு செம்பனை. கலிடோனியா, பைராம், டிரான்ஸ்கிரியான், சங்காட், வால்டோர் என்ற பெயர்களெல்லாம் அந்தத் தோட்டங்களின் பெயர்கள்.

2014இல் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் திறந்தது. பத்து காவானில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. அந்தப் பாலத்து விளக்கு தெரிகிற தூரத்திலேயே, காலையில் ஒரு கிளினிக்குக்குப் போய்வர வண்டி இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். நாங்கள் கிராமம் என்று சொல்வது அந்த வாசலைத்தான்.

முன்பெல்லாம் தோட்டத்தில் எல்லாம் இருந்ததே, இப்போது ஏன் இவ்வளவு அலைச்சல்?

பெரியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

தோட்டத்தில் லயத்து வீடு இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளையை விட ஆயாக்கொட்டாய் இருந்தது. காய்ச்சல் என்றால் டிரெஸர் இருந்தார். தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், மளிகைக்கடை எல்லாம் நடக்கிற தூரம். நான் அந்தக் காலத்தைப் புகழவில்லை. கூலி குறைவு, வேலையை விட்டால் வீடும் போகும், துரை நினைத்தால் எதுவும் நடக்கும். ஆனால் எல்லாத் தேவைக்கும் ஒரே கதவு இருந்தது. அதைத் தட்டத் தெரிந்தால் போதும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, சாலையும் கிளினிக்கும் மின்சாரமும் கொண்டுபோனபோது தோட்டம் தனியார் நிலமாக இருந்தது. உள்ளே இருப்பவர்கள் முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டார்கள். கிராம மேம்பாடு வேலி வரைக்கும் வந்து நின்றது. பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டு, ரப்பர் அழிந்து, வீடமைப்பு வந்தபோது முதலாளியின் கதவு மூடிக்கொண்டது. அரசாங்கத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று நம் ஆட்களுக்கு யாரும் காட்டவில்லை. அதுவும் ஒரு கதவு இல்லையே. நோய்க்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று, அடையாள அட்டைக்கு ஒன்று, வேலை விபத்துக்கு ஒன்று, பிள்ளையின் படிப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வேறு ஊரில், வேறு பாரத்தோடு (விண்ணப்பப் படிவத்தோடு), பெரும்பாலும் மலாய் மொழியில்.

கூட்டுச் சேவை என்றால் என்ன?

இலக்கணம் சொல்வதைவிட நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறுபத்தேழு வயதுப் பாட்டி ஒருவர் அரிசி கேட்டு வந்தார். கொடுத்தோம். போகும்போது நடையைப் பார்த்தேன், வலது கால் இழுத்தது. "காட்டுங்கம்மா" என்றேன். துணியைப் பிரித்தால் விரல்களுக்கு நடுவே புண், வாடை அடிக்கிறது. இனிப்புநீர், அதாவது நீரிழிவு, பல வருடமாக இருக்கிறது. ஏன் கிளினிக்குப் போகவில்லை? முன்பு மகன் மோட்டாரில் கூட்டிப்போவான். மகன் ஏன் இப்போது கூட்டிப்போவதில்லை? செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய், நான்கு மாதமாகப் படுத்திருக்கிறான். கொந்தராக், அதாவது ஒப்பந்த வேலை. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குச் சந்தா கட்டினார்களா என்று அவனுக்கே தெரியாது. மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதென்று பாட்டி ஒன்றை இரண்டாக உடைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார். பேரனுக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும் என்று பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. அவனுடைய பிறப்புப் பத்திரம் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

இந்தக் குடும்பம் அதற்கு முன்பே மூன்று அலுவலகங்களுக்குப் போயிருக்கிறது. ஓர் இடத்தில் மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். இன்னோர் இடத்தில் வருமானச் சான்று கேட்டார்கள். படுத்திருப்பவனுக்கு ஏது வருமானச் சான்று? ஒவ்வொரு முகப்பிலும் சொன்னது அவரவர் விதிப்படி சரிதான். ஆனால் பாட்டியின் வாழ்க்கை அப்படித் துண்டு துண்டாக இல்லை. மகன் விழுந்ததால் மோட்டார் நின்றது, மோட்டார் நின்றதால் மருந்து குறைந்தது, மருந்து குறைந்ததால் கால் புண்ணானது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். மறுநாளே லாரி அண்ணன் தன் காரில் பாட்டியைச் சுங்கை பாக்காப் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மகனுடைய ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கொடுத்துச் சொக்சோவில் கேட்டோம், சந்தா கட்டப்பட்டிருந்தது. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. அந்தக் கோப்பைத் திறக்க வைத்தோம். தலைமையாசிரியர் பேரனின் வருகைப் பதிவோடு ஒரு கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதமும் மருத்துவமனைக் கடிதமும் சேர்ந்ததும் சமூகநல இலாகாவில் மனு நகர்ந்தது. பதிவு இலாகாவில் பிறப்புப் பத்திரத்தின் நகல் எடுத்தோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா பகலில் வந்து மகனைப் பார்த்துக்கொண்டார், பையன் பள்ளிக்குப் போனான்.

ஏழு மாதம் ஆனது. பாட்டிக்கு இரண்டு விரல் போய்விட்டது. கால் இருக்கிறது.

எல்லா உதவியும் ஏற்கெனவே சட்டத்தில் இருந்ததுதான். ஒருவரையொருவர் தெரியாமல் இருந்த ஆட்களை ஒரே குடும்பத்தின் முன்னால் உட்கார வைத்ததுதான் எங்கள் வேலை. அதைத்தான் கூட்டுச் சேவை என்கிறோம்.

யார் யார் இதில் சேர்கிறார்கள்?

கிராமக் கிளினிக்கின் தாதிகள், சமூகநல இலாகா அதிகாரி, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள், எம்.பி.கே.கே. என்ற கிராம நிர்வாக மன்றத்தினர், கோயில் நிர்வாகம், சொக்சோ. வீட்டு வன்முறை என்றால் 1985 முதல் பினாங்கில் இயங்கும் டபிள்யூ.சி.சி. பெண்கள் மையம், அவர்களுக்குச் செபராங் பிறையிலும் அலுவலகம் இருக்கிறது. மேற்படிப்பு உதவிக்குப் பினாங்கு இந்து அறப்பணி வாரியம். அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யூ.எஸ்.எம்., 1975இலேயே நாட்டில் முதன்முதலாகச் சமூகப்பணிப் படிப்பைத் தொடங்கியது. படித்த பிள்ளைகள் தோட்டத்துப் பக்கமும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு முக்கியமானவர் மளிகைக்கடைக்காரர். யார் கடன் திடீரென்று ஏறுகிறது, யார் ஒரு வாரமாகக் கடைப்பக்கம் வரவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

எதிலிருந்து தொடங்க வேண்டும்?

காகிதத்திலிருந்து. பசியோடு வருகிறவரிடம் முதலில் ஐசியைக் கேட்பது கல்நெஞ்சம் போலத் தெரியும். சாப்பாடு கொடுத்துவிட்டுக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். அது இல்லாமல் அடுத்த எந்தக் கதவும் திறக்காது.

தீபகற்பத்தில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு. சாட்சி, கடிதம், விசாரணை என்று நீளும். பழைய தோட்டங்களில் வீட்டுப் பிரசவம் நடந்து, பதியாமலே விட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2011இல் ஆவணமில்லாத இந்தியர்களைப் பதியும் மைடஃப்தார் இயக்கம் நடந்தபோது எத்தனை பேர் ஆவணமில்லாமல் வெளியே வந்தார்கள் என்பதை நேரில் பார்த்தேன். எழுபது வயதில் முதன்முறையாகத் தன் பெயரை அச்சில் பார்த்து அழுத ஒரு தாத்தாவை மறக்கவே முடியாது.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயிலில் தாலி கட்டினால் ஊரறியத் திருமணம்தான். ஆனால் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைச் சார்ந்தே பார்க்கப்படும். தாய் வெளிநாட்டவராக இருந்துவிட்டால், தந்தை மலேசியராக இருந்தும், இங்கேயே பிறந்த பிள்ளை நாடற்றதாகிவிடுகிறது. பத்து நிமிடக் கையெழுத்தில் தவிர்த்திருக்க வேண்டிய துயரத்தைப் பதினைந்து வருடம் சுமக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். குழந்தை பிறப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். தயவுசெய்து.

சமூகநல இலாகா எவ்வளவு கொடுக்கும்?

ஆதரவில்லாத முதியவர்களுக்கான உதவி 2025 முதல் மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு முன் 500. 60 வயது ஆகியிருக்க வேண்டும், வருமானமும் குடும்ப நிலையும் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கும் உடற்குறையுள்ளவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. தேசிய வறுமைக்கோட்டு வருமானம் 2022 கணக்கில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. ஏழைக் குடும்பங்களுக்கான இ-காசே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல உதவிகள் அந்தப் பட்டியலைப் பார்த்தே வருகின்றன.

"பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று சொல்லி மனு தள்ளப்பட்டால் சோர்ந்துவிட வேண்டாம். பிள்ளை இருப்பது வேறு, பிள்ளை பார்ப்பது வேறு. உண்மை நிலையை எழுதி, கிராமத் தலைவர் ஒப்பத்தோடு மேல்முறையீடு செய்யலாம்.

விபத்தில் அடிபட்ட கொந்தராக் தொழிலாளிக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். சம்பளச்சீட்டு இல்லை என்றாலும் ஐசியை எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தால் அது அவருடைய குற்றம், உங்களுடையதில்லை. அதையே புகாராகக் கொடுங்கள். வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகள் திட்டம் இருக்கிறது. 55 வயதுக்குள் சேரலாம், ஆண்டுக்கு 120 வெள்ளி. வெளியூரில் நன்றாகச் சம்பாதிக்கும் மகன்கள் அம்மாவுக்குத் தீபாவளிச் சேலையோடு இதையும் கட்டிவிடலாம்.

நம் மக்களுக்கு ஏன் இனிப்புநீர் இவ்வளவு அதிகம்?

2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களைத் தனியாகப் பார்த்தால் 31.4. பத்துப் பேரில் மூன்று பேர். எங்கள் மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினால் இன்னும் அதிகமாகவே வரும் என்று எனக்குத் தோன்றும்.

உடல்வாகு ஒரு காரணம். மற்றது வாழ்க்கை. காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நாளெல்லாம் ஏணியும் வாளியும் தூக்கியவர்களுக்கு, மூன்று வேளைச் சோறும் சர்க்கரை தூக்கலான தேநீரும் உழைப்பில் கரைந்தன. வேலை போய்விட்டது, சோறும் தேநீரும் அப்படியே இருக்கின்றன. பாட்டிமாரிடம் "சோற்றை விடுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. நான் சொல்வது: தட்டில் முதலில் கீரையையும் காயையும் வையுங்கள், சோறு ஒரு கரண்டியோடு நிற்கட்டும், மைலோவில் மேற்கொண்டு பால்டின் ஊற்றாதீர்கள். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பாட்டியின் இரண்டு விரலும் அப்படிப் பார்த்திருந்தால் தப்பியிருக்கும்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவித்தொகை பெறுகிறவர்களும் அவர்களுடைய துணையும் 40 வயது ஆகியிருந்தால், 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் பக்கத்துத் தனியார் கிளினிக்கிலேயே இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் "சோதித்தால் வியாதி வரும்" என்று போவதில்லை. வியாதி ஏற்கெனவே வந்துவிட்டது, சோதனையால் அதன் பெயர்தான் தெரியும் என்று ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிறுநீரகம் போய்விட்டால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுக்க வேண்டும். செலவை ஏற்க வழிகள் உண்டு. சந்தா கட்டியவர்களுக்குச் சொக்சோ கொடுக்கிறது. ஆனால் வாரத்துக்கு மூன்று முறை போக்குவரத்து? அங்கேதான் குடும்பங்கள் உடைகின்றன.

வண்டி இல்லாதவர்கள் என்ன செய்வது?

நிபோங் திபாலிலும் சிம்பாங் அம்பாட்டிலும் கொமுட்டர் ரயில் நிற்கிறது. புக்கிட் மெர்தாஜாமுக்கோ பட்டர்வொர்த்துக்கோ அதில் போய்விடலாம். சிக்கல் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் உள்ள அந்த ஐந்து கிலோமீட்டர்தான்.

எங்களிடம் இருப்பது ஒரு சாதாரண நோட்டுப்புத்தகம். யாருக்கு எந்தத் தேதியில் எந்த மருத்துவமனையில் தவணை என்று எழுதி வைக்கிறோம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களின் தேதி ஒரே வாரத்தில் வந்தால், கிளினிக்கில் பேசி ஒரே நாளாக மாற்றித் தரக் கேட்கிறோம். தாதிகள் முடிந்தவரை செய்து தருகிறார்கள், நானும் அந்த நாற்காலியில் இருந்தவள் என்பதால் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியும். நான்கு பேர் ஒரே காரில் போனால் பெட்ரோல் காசைக் கோயில் உண்டியலிலிருந்து கொடுக்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வந்தது, அம்மன் காசை எண்ணெய்க்குக் கொடுப்பதா என்று. தலைவர் எழுந்து, "அம்மனைப் பார்க்க வர்ற காலுக்குத்தானே கொடுக்கிறோம்" என்றார். பேச்சு முடிந்தது.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். வெளியே சொன்னால் அவமானம். என்ன செய்வது?

இதை மேசையில் யாரும் கேட்பதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்துக்கு என் பின்னால் வந்து கேட்கிறார்கள்.

அம்மா, இது குடும்ப விஷயம் இல்லை. வீட்டு வன்முறைக்கென்று 1994இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் இருக்கிறது. அடித்தால் மட்டுமில்லை, மிரட்டினாலும் மனத்தை நோகடித்தாலும் அதற்குள் வரும். சமூகநல அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அதற்குப் போலீஸ் புகார் முதலில் வேண்டும் என்பதில்லை, அந்த ஆணை ஏழு நாள் செல்லும். அதற்குள் அடுத்ததை யோசிக்கலாம். அடிபட்டிருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவர், போலீஸ், சமூகநலம் எல்லாரையும் ஒரே அறையில் பார்க்க அங்கே ஏற்பாடு உண்டு. 15999 தாலியான் காசே உதவி எண், இரவும் பகலும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

ஐசி, பிள்ளைகளின் பத்திரம், வங்கிப் புத்தகம், இரண்டு உடுப்பு இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். என் வீட்டில் இப்போதும் இரண்டு பைகள் இருக்கின்றன.

குடியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சம்சு என்ற மலிவுச் சாராயம் தோட்டத்தை அரித்த கதை ஊருக்கே தெரியும். குடிப்பவரை மேடையேற்றித் திட்டி நான் யாரும் திருந்திப் பார்த்ததில்லை. கிளினிக்கில் மருத்துவரிடம் சொன்னால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், ஆகவே பல வருடம் குடித்தவர் மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

பிள்ளை மற்றவர்களைப் போல் பேசுவதில்லை, படிப்பு ஏறவில்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டோம், இன்னும் சரியாகவில்லை.

நேர்த்திக்கடனைச் செய்யுங்கள், மருத்துவரையும் பாருங்கள். மருத்துவர் உறுதி செய்தால் சமூகநல இலாகாவில் ஓ.கே.யூ. என்ற மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியலாம். கேட்கும் திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை என்று ஏழு பிரிவுகள் இருக்கின்றன. சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி படி உண்டு. பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன.

அட்டை எடுத்தால் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று ஒரு வீட்டில் நான்கு வருடம் மறைத்தார்கள். அந்த நான்கு வருடம்தான் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி அதிகம் பலன் தந்திருக்கும் வயது. அவர்களை நான் குறை சொல்லவில்லை, அந்தப் பயம் ஊர் கொடுத்தது. ஆனால் பிள்ளை இரண்டு வயதில் சொல் கூட்டிப் பேசாவிட்டால் காத்திருக்காதீர்கள்.

மனசு சரியில்லை என்றால் யாரிடம் பேசுவது?

15555 ஹீல் லைன் என்ற மனநல உதவி எண். கிராமக் கிளினிக்கிலேயே மனச்சோர்வுக்கான கேள்வித்தாள் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். நம் பெரியவர்கள் மனச்சோர்வு என்று சொல்ல மாட்டார்கள். "உடம்பு பூரா வலி, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை" என்பார்கள். வீட்டிலிருப்பவர்கள் அதை அந்தப் பொருளிலும் கேளுங்கள்.

நாங்கள் சொல்வதெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடாதா?

சின்ன ஊரில் இதைவிடப் பெரிய பயம் இல்லை. எங்கள் நோட்டில் பெயர், தேதி, மருத்துவமனை மட்டும் இருக்கும், வியாதி இருக்காது. எந்த இலாகாவுக்கு எதைச் சொல்லப்போகிறோம் என்று உங்களிடம் கேட்ட பிறகே சொல்வோம். வாட்ஸ்அப் குழுவில் யாருடைய படமும் பத்திரமும் போகாது. ஒருமுறை எங்களில் ஒருவர் நல்லெண்ணத்தில் அரிசி கொடுக்கும் படத்தைப் போட்டுவிட்டார். அந்த அம்மா அதன் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், கதவு திறந்தது, ஆனால் பழைய முகம் இல்லை. அன்றிலிருந்து மண்டபத்தில் கேமராவே கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைக்கு ஆபத்து என்றால் நாங்கள் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க மாட்டோம்.

நீங்கள் எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை. எல்லாக் கட்சிச் சேவை மையங்களுக்கும் கடிதம் எழுதுவோம். பதாகையோடு வருகிறவர்களிடம் பதாகையைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வோம்.

தமிழர்களுக்கு மட்டும்தானா?

மேசை கோயில் மண்டபத்தில் இருப்பதால் அப்படித் தெரிகிறது. கிரியான் ஆற்றங்கரை மீனவக் குடும்பங்களிலிருந்து சீனப் பாட்டி ஒருவர் வருகிறார், கம்பத்து மலாய்க்காரர்களும் வருகிறார்கள். நோயும் பாரமும் எல்லாருக்கும் ஒன்றுதான். மண்டபத்துக்குள் வரத் தயங்குகிறவர்களுக்காக வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம்.

நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன், அம்மா மட்டும் தோட்டத்து வீட்டில். என்ன செய்ய முடியும்?

மாதப் பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. அதோடு மூன்று காரியம். அம்மாவின் மருத்துவத் தவணை அட்டையைப் படமெடுத்து உங்கள் கைப்பேசியில் வையுங்கள், முதல் நாள் கூப்பிட்டு நினைவூட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை வாங்கி வைத்து, அவருக்கும் பண்டிகைக்கு ஏதாவது செய்யுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் கதவைத் தட்டப் போகிறவர் அவர்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வேலைநாள் சேர்த்து லீவு எடுங்கள். சனி ஞாயிறு வந்து போனால் எந்த இலாகாவும் திறந்திருக்காது.

இதனால் ஊர் உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறதா?

கொடுத்த அரிசி மூட்டையை வைத்து நாங்கள் அளப்பதில்லை. தவணைக்குப் போகாமல் விட்டவர்கள் நோட்டில் எத்தனை பேர், பள்ளிக்குத் தொடர்ந்து வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஒரே பாரத்துக்காக இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர் என்று மூன்றை மட்டும் எண்ணுகிறோம். சில மாதம் குறைகிறது. மழைக்காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் ஏறுகிறது. வேலை கிடைக்காத இளைஞர்களுக்கு எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. பத்து காவான் தொழிற்சாலைகள் கண்ணுக்கு எதிரே இருந்தும், போய்வர வண்டியும் கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் பிள்ளைகள் நிற்கிறார்கள். அது எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம்.

எங்கள் ஊரிலும் தொடங்க நினைக்கிறோம். எவ்வளவு பணம் வேண்டும்?

பணத்தைத் தேடி முதலில் ஓடாதீர்கள். ஆறு பேர், ஒரு நோட்டு, மாதத்தில் மாறாத ஒரு நாள். முதல் ஆறு மாதம் எதையும் அறிவிக்க வேண்டாம். அருகிலுள்ள கிளினிக், பள்ளி, சமூகநல அலுவலகம் மூன்றுக்கும் நேரில் போய், உங்களிடம் வருகிறவர்களில் யாருக்கு எங்களால் வண்டியோ மொழிபெயர்ப்போ கொடுக்க முடியும் என்று கேளுங்கள். உதவி கேட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பழகிய அதிகாரிகள், உதவி செய்கிறோம் என்று வருகிறவர்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ஒருவரே எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க விடாதீர்கள், இரண்டு வருடத்தில் அவரே படுத்துவிடுவார். எனக்கு அப்படி ஆகி, மூன்று மாதம் மேசைக்கு வராமல் இருந்தேன். மேசை நடந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி.

அடுத்த மேசைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஐசி. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம். வீட்டு மின்சார பில். இலாகாக்களிலிருந்து வந்த கடிதங்கள், புரியாவிட்டாலும் பிரிக்காமலே இருந்தாலும் பரவாயில்லை. மருந்துப் பையை அப்படியே கொண்டுவாருங்கள், உடைத்த மாத்திரையையும் சேர்த்து, நான் திட்ட மாட்டேன். நடக்க முடியாதவர்கள் முதல் நாள் மாலைக்குள் மளிகைக்கடையில் சொல்லிவிடுங்கள், லாரி அண்ணன் காலை எட்டரைக்குப் பெரிய மரத்தடியில் வண்டியோடு நிற்பார். பூசை முடிந்து சாப்பாடு உண்டு. இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாயசம் கிடையாது.